சின்னக் குமிழிக்கும் ஒரு கணக்கு உண்டு!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் விண்வெளி, கணினி, மரபணு என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் மிகச் சின்ன ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் குமிழி. ‘நீர்க்குமிழி போன்றது வாழ்க்கை’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நொடியில் தோன்றி நொடியில் மறைவது என்று பொருள். ஆனால் எல்லாக் குமிழியும் அப்படி மறைந்துவிடுவதில்லை. மறையாமல் நின்றுவிட்ட சில குமிழிகளால் என் அக்கா மகனின் வலது கை முடங்கிப் போகப் பார்த்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், உங்களை ஓர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போகிறேன்.

தே தாரிக் சொல்லும் பாடம்

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து தே தாரிக் கேட்கிறீர்கள். கலக்குபவர் கையை உயர்த்தி, தாழ்த்தி, இழுத்து ஆற்றி, நுரை ததும்ப வைத்துவிட்டுப் போகிறார். உடனே குடிக்காதீர்கள். பத்து நிமிடம் அந்த நுரையையே பாருங்கள்.

முதலில் பொடிப் பொடியாக, வெள்ளை மாவு போல இருந்த நுரை, கொஞ்ச நேரத்தில் பெரிய பெரிய கண்களாக மாறியிருக்கும். சின்னக் குமிழிகள் குறைந்திருக்கும். பெரிய குமிழிகள் இன்னும் பெரிதாகியிருக்கும். சில குமிழிகள் உடைந்து ஒன்று சேர்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் பல குமிழிகள் உடையவே இல்லை. சின்னதில் இருந்த காற்று, நடுவில் உள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, அதைக் கடந்து, பெரியதற்குள் போய்விட்டது! உள்ளவனிடமே மேலும் மேலும் சேருகிறது என்று நாம் பொருளாதாரத்தில் புலம்புகிறோமே, அது நுரையிலும் நடக்கிறது.

ஏன் இப்படி? மூன்று விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

முதல் விதி: அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு அதிகம் கரையும். அழுத்தம் குறைந்தால் கரைந்தது வெளியே வரப் பார்க்கும். 1803-இல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் இதை அளந்து சொன்னார்.

இரண்டாம் விதி: எங்கே ஒரு பொருள் அதிகமாக இருக்கிறதோ, அங்கிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு அது தானாகவே பரவும். ஊதுபத்தியைச் சாமி அறையில் ஏற்றினால் வாசலில் மணக்கிறதல்லவா? திரவத்துக்குள் கரைந்த வாயுவும் அப்படித்தான் மெல்ல மெல்ல நகரும். இதற்கு விரவல் என்று பெயர். இதன் கணக்கை 1855-இல் எழுதியவர் அடால்ஃப் ஃபிக். அவர் உடலியல் அறிஞர் என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். உடம்புக்கும் இந்தக் கணக்குக்கும் உறவு உண்டு.

மூன்றாம் விதி: குமிழி சின்னதாக ஆக ஆக, அதன் உள்ளே அழுத்தம் கூடும். நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய ரப்பர் தோல் போலக் குமிழியைச் சுற்றி இறுக்குகிறது. தண்ணீரில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழியை எடுத்துக் கொண்டால், அந்த இறுக்கம் மட்டுமே ஏறத்தாழ 1.4 வளிமண்டல அழுத்தம். அதைப் போல் பத்து மடங்கு பெரிய குமிழியில் இது 0.14 தான்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சின்னக் குமிழியில் அழுத்தம் அதிகம். ஆகவே அதிலுள்ள வாயு திரவத்தில் கரைகிறது. கரைந்தது விரவிப் போகிறது. குமிழி இன்னும் சிறுக்கிறது, அழுத்தம் இன்னும் கூடுகிறது, இன்னும் வேகமாகக் கரைகிறது. கடைசியில் காணாமலே போகிறது.

ஏழு நொடியும் ஒன்றரை மணியும்

அப்படியானால் ஒரு குமிழி கரைய எவ்வளவு நேரம் ஆகும்? 1950-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எப்ஸ்டைன், பிளெசெட் என்ற இருவர் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள். இன்றும் குமிழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஏற்கெனவே காற்று நிறையக் கரைந்துள்ள தண்ணீரில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள காற்றுக் குமிழியை விட்டால், ஏழு நொடிக்குள் மறைந்துவிடும். சரி, பத்து மடங்கு பெரிய குமிழி என்றால் எழுபது நொடியா? இல்லை! ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஆரம் பத்து மடங்கு கூடினால் நேரம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடுகிறது.

அதே பெரிய குமிழியை, காற்றே கரையாத தண்ணீரில் விட்டால்? இரண்டே நிமிடம். சுற்றியுள்ள நீரில் இடம் காலியாக இருந்தால் வாயு ஓடி இறங்கிவிடுகிறது. இடம் நிரம்பியிருந்தால் வாசலில் நின்று தவிக்கிறது. இந்த ‘ஒன்றரை மணி, இரண்டு நிமிடம்’ என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள். ஓர் உயிரைக் காப்பாற்றும் வைத்தியம் இதற்குள் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இதற்கு நேர் எதிரானது, திரவத்தில் தாங்கமுடியாத அளவுக்கு வாயு இருக்கும் நிலை. அதற்குத்தான் சோடா போத்தல் இருக்கிறதே! 1883-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பிரேசர் அண்ட் நீவ் நிறுவனம் முதலில் சோடா நீர் தயாரிக்கத்தான் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கோலி சோடா தெரியும். அந்தக் கோலிக்குண்டைக் கழுத்தில் அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம்தான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் அந்தப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றார்.

மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடுகிறது. கரைந்திருந்த வாயு வெளியேற வழி தேடுகிறது. ஆனால் அது கண்ட இடத்திலெல்லாம் குமிழியாக முளைக்க முடியாது. காரணம் மூன்றாவது விதி. மிகச் சின்னதாய்ப் பிறக்கும் குமிழி, அந்த இறுக்கத்தால் நசுங்கிக் கரைந்துவிடும். ஓர் அளவைத் தாண்டிய குமிழிதான் பிழைக்கும், வளரும். அதனால்தான் கண்ணாடிக் குவளையின் கீறலிலும், ஒட்டியிருக்கும் துணி இழையிலும் சிக்கிய சிறு காற்றுத் துளியிலிருந்தே குமிழிச் சரம் புறப்படுகிறது. வீட்டில் சோதித்துப் பாருங்கள், ஒரே இடத்திலிருந்து வரிசையாக வரும்.

ஆக, நேயர்களே, ஒரு குமிழிக்கு எல்லைக்கோடு ஒன்று இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் கரையும். அந்தப் பக்கம் போனால் வளரும். நடுவில் நிம்மதியாக நிற்க இடமே கிடையாது. இந்த எல்லைக்கோடு எங்கே என்பதைத் தீர்மானிப்பது, சுற்றியுள்ள அழுத்தமும் திரவத்தில் கரைந்துள்ள வாயுவின் அளவும்.

அக்கா மகனின் கதை

இப்போது கிள்ளானுக்கு வருவோம். என் அக்கா மகன் அங்கேதான் வேலை செய்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு கிழக்குக் கரையில் ஒரு தீவுக்குப் போனான். இரண்டு நாள் முதுகில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் பவளப் பாறை பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள்தான். விதிப்படி மெதுவாகத்தான் மேலே வந்தார்கள். கடைசி முக்குளிப்பு காலை பதினொரு மணிக்கு முடிந்தது. படகு பிடித்துக் கரை சேர்ந்து, காடியில் ஏறி, கராக் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினார்கள்.

வருகிற வழியில் ஒருவனுக்கு ஓர் ஆசை. ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், கெந்திங் மலைக்கு ஏறிச் சாப்பிட்டுட்டுப் போகலாம்டா’ என்றான். இரவு எட்டு மணிக்கு மலை உச்சியில் இருந்தார்கள்.

இறங்கி வரும்போது இவனுக்கு வலது தோளில் வலி. விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்ததாம். கலன் தூக்கிய அசதி என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டான். காலையில் வலி கூடியது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனான். கடலுக்குள் போய் வந்ததை இவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மதியம் அக்கா எனக்குப் போன் செய்தார். “தம்பி, இவனுக்குக் கையைத் தூக்கவே முடியலைடா” என்றார். நான் போனைப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். “மாமா, ஒண்ணுமில்லை மாமா, மரத்துப் போன மாதிரி இருக்கு, அவ்வளவுதான்” என்றான். எப்போது கடைசியாகத் தண்ணீருக்குள் போனாய், எப்போது மலை ஏறினாய் என்று கேட்டேன். இடையில் ஒன்பது மணி நேரம்தான். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

உடம்புக்குள் ஒரு சோடா போத்தல்

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இருபது மீட்டர் ஆழத்தில் மொத்தம் மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் போகும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். நம் உடம்பு அதைச் செலவழிப்பதில்லை. ஹென்றி சொன்னபடி அது இரத்தத்தில் கரைகிறது. ஃபிக் சொன்னபடி தசை, கொழுப்பு, மூட்டு, நரம்பு எங்கும் விரவிப் போகிறது.

மேலே வரும்போது அது திரும்ப வெளியேற வேண்டும். இரத்தம் அதை நுரையீரலுக்குச் சுமந்துவர, மூச்சில் வெளியேற, மணிக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் உடம்பு சோடா போத்தலாகிவிடும். கொஞ்சம் நுண்குமிழிகள் பலருக்கும் உண்டாகும். அவற்றை நுரையீரல் வடிகட்டிவிடும், தீங்கில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிய குமிழிதான் மூட்டில் வலியாகிறது. முதுகுத் தண்டில் என்றால் காலே விழுந்துவிடும்.

கடல் மட்டத்திலேயே இருந்திருந்தால் என் மருமகனின் குமிழிகள் மெல்லக் கரைந்திருக்கும். ஆனால் கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்ததும் இருக்கிற குமிழி விரிந்தது. திசுக்களில் எஞ்சியிருந்த நைட்ரஜனும் அதற்குள் விரவிச் சேர்ந்தது. கரையும் பக்கம் இருந்த குமிழி, கோட்டைத் தாண்டி வளரும் பக்கம் போய்விட்டது. அவன் கடலில் தவறு செய்யவில்லை, நேயர்களே. மலையில் செய்தான்!

ஆடு சொன்ன உண்மை

இந்த நோய் புதிதல்ல. நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது, ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டகங்களுக்குள் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். வெளியே வந்ததும் வலியால் வளைந்து போனார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதற்கு ஆளாகிப் படுத்துவிட்டார். அவர் மனைவி எமிலி இடையில் நின்று வேலையை நடத்த, 1883-இல் பாலம் திறந்தது. காரணம் நைட்ரஜன் குமிழி என்று 1878-இல் நிறுவியவர் பிரான்சு நாட்டின் பால் பேர். எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்று ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908-இல் வெளியிட்டவர் ஜான் ஹால்டேன். இன்று உலகெங்கும் முக்குளிப்பவர்கள் கையில் கட்டும் கணினிக்கு அதுதான் தாத்தா.

‘நமக்குக் கடலுக்கும் சம்பந்தமில்லை, பாலத்துக்கும் சம்பந்தமில்லை’ என்று நினைக்காதீர்கள். கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் முசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையம் இருக்கிறது. செமந்தானிலிருந்து மாலூரி வரை 9.5 கிலோமீட்டர் நிலத்தடிப் பாதை, 2017-இல் திறக்கப்பட்டது. குகையும் பொந்துமான சுண்ணாம்புக்கல் பூமி என்பதால், சேற்றுக் குழம்பின் அடர்த்தியை மாற்றிக்கொள்ளும் சுரங்க இயந்திரத்தை உலகிலேயே முதன்முறையாக இங்குதான் பயன்படுத்தினார்கள். இத்தகைய இயந்திரங்களில் முன்பக்கம் தேய்ந்த வெட்டுப் பற்களை மாற்ற, நிலத்தடி நீரை அழுத்தக் காற்றால் தள்ளி நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே போவது உலகெங்கும் உள்ள முறை. வெளியே வரும்போது அவர்களும் ஹால்டேன் காட்டிய வழியில் மெல்லத்தான் அழுத்தம் குறைத்து வரவேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் அழுத்தக் காற்றால் வரும் நோய்க்கும் இடம் உண்டு.

நம் இனத்துக்கும் இதில் ஒரு சோகம் இருக்கிறது. தூத்துக்குடியில் முத்துக் குளித்த நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கினார்கள். ஒரே மூச்சுக் காற்று என்பதால் உடம்பில் ஏறும் நைட்ரஜன் கொஞ்சம்தான். பிற்காலத்தில் சங்கு குளிப்பவர்கள், படகில் கம்பிரசரை வைத்து நீண்ட குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு கடலடியில் வெகுநேரம் இருக்கத் தொடங்கினார்கள். வட இலங்கையில் கடலட்டை பிடிப்பவர்கள் காற்றுக் கலனோடு ஒரே நாளில் பலமுறை இறங்குகிறார்கள். கருவி கிடைத்தது, கணக்கு கிடைக்கவில்லை. அதனால் கால் முடங்கியவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. கருவியைக் கொடுக்கிறவன் கணக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா? இதை நான் இந்த அரங்கத்தில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வைத்தியமும் அதே விதிதான்

பையனை மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். “முதல் வார்த்தையாக, கடலுக்குள் போய் வந்தேன் என்று சொல்” என்றேன். சொன்னான். உடனே சுத்தமான பிராணவாயு கொடுத்தார்கள்; பிறகு அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்பினார்கள். நம் நாட்டில் லூமுட் ஆயுதப்படை மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்குப் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றது.

ஏன் பிராணவாயு? நினைவிருக்கிறதா, ஒன்றரை மணியும் இரண்டு நிமிடமும்? குமிழிக்குள் இருப்பது நைட்ரஜன். நோயாளி சுத்தமான பிராணவாயுவைச் சுவாசித்தால், நுரையீரலுக்கு நைட்ரஜன் புதிதாக வருவதில்லை. இரத்தத்தில் நைட்ரஜனுக்கு இடம் காலியாகிறது. குமிழியிலிருந்து நைட்ரஜன் அந்தக் காலி இடத்துக்கு விரவி ஓடுகிறது. தண்ணீரில் பார்த்த அதே வேகம் உடம்பில் கிடைக்காது. ஆனால் தத்துவம் ஒன்றுதான். அதோடு, அறைக்குள் அழுத்தத்தை 2.8 மடங்கு ஆக்கும்போது குமிழி நசுங்கிச் சிறுக்கிறது. சிறுத்தது வேகமாகக் கரையும் என்று தே தாரிக்கிலேயே பார்த்துவிட்டோம். பரவலாகப் பயன்படும் அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி இந்தச் சிகிச்சை ஒரு முறைக்கு 4 மணி 45 நிமிடம்.

அறையிலிருந்து வந்த அன்றே தோள் வலி போய்விட்டது. சுண்டு விரல் மரத்துப் போனது மட்டும் நாலைந்து மாதம் இருந்தது. ஒரு நாள் தாமதம் அவனுக்குக் கொடுத்த வட்டி அது.

மூன்று வேண்டுகோள்

பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளான் பள்ளத்தாக்கே தீவுகளுக்குக் கிளம்புகிறது. அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, காற்றுக் கலனோடு கடலில் இறங்கியவர்கள், ஒரே ஒரு முறை என்றால் 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது. முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பான டான் வகுத்த வழிகாட்டி இது. இடையில் நின்று நின்று மேலேற வேண்டிய ஆழ முக்குளிப்பு என்றால் அதைவிட அதிக நேரம் வேண்டும். 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு அது பொருந்தும். கெந்திங் மலை அதற்குள் வருகிறது. கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவே ஏறத்தாழ அந்த எல்லையைத் தொடுகிறது. கடைசி நாள் கடலில் இறங்காமல் கரையில் இருங்கள். மறுநாள் வீடு திரும்புங்கள்.

இரண்டு, கடலிலிருந்து வந்த பிறகு மூட்டு வலி, மரமரப்பு, தலைச்சுற்றல், கால் தளர்ச்சி என்றால் அசதி என்று தைலம் தேய்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய், கேட்காவிட்டாலும் ‘முக்குளித்தேன்’ என்று சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் குமிழிக்குச் சாதகம்.

மூன்று, பெற்றோர்களுக்கு. பிள்ளை கடலுக்குப் போகிறான் என்றால் ‘பத்திரமாகப் போய் வா’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், ‘எந்த வழியாகத் திரும்புகிறாய், எத்தனை மணி கழித்து’ என்றும் கேளுங்கள்.

போன தீபாவளிக்கு அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தே தாரிக் வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு, “மாமா, நுரையைப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க, ஆறிடும்” என்றான். வலது கையால்தான் வைத்தான். அந்தக் கையைப் பார்த்துக் கொண்டே குடித்து முடித்தேன்.